வானில் ஒரு மணி, வாசலிலிருந்து ஒன்பது மணி

நம் காரைக்கால் பயணத்துக்குப் பழகிய ஊர். காரைக்காலம்மையாரின் கணவர் பரமதத்தர் கலமேறிக் கடல் கடந்து வாணிகம் செய்யப் போனார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அம்மையாரோ கயிலைக்குத் தலையாலே நடந்து சென்றார். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நம் ஊரார் சைகோனுக்கும் பாரிசுக்கும் கப்பலேறினர். இன்றும் நம் தெருக்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. ஆகவே "எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?" என்னும் இரண்டு கேள்விகளும் நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றன.

இந்தக் கேள்விகளுக்கு இப்போதெல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "விமானத்தில் ஒரு மணி நேரம்தான்!" என்று சொல்லி முடித்து விடுகிறோம். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் அது முழுப் பதிலும் அன்று. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் வேறு, இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள தூரம் வேறு. இந்த வேறுபாட்டை நாம் உணராதிருப்பதால், நம் ஊருக்கு எது தேவை என்று கேட்கும்போதும் தவறாகக் கேட்டு விடுகிறோம். இதுவே என் கருத்து. ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பலாலி விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பிலிருந்து புறப்பட்டு, இங்கு இறங்கி, பிறகு சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் உள்நாட்டுப் போர் இந்த வான்வழியை அடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் ஓடத் தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. பிறகு 2025 மார்ச் 30 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விடப்பட்டது. காவிரிக் கரை மக்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. செய்தித்தாளைப் படித்த அனைவரும், "இனி யாழ்ப்பாணம் ஒரு மணி நேரத்தில்!" என்று வியந்தோம்.

மாணவிகளே, இப்போது உங்கள் நிலப்பட ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கலை. ஒரு கலையின் நீளம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. மாலுமிகளும் விமானிகளும் இன்றும் இந்த அளவையே பயன்படுத்துகிறார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்குத் தீர்க்கரேகையின் கலையும் ஏறக்குறைய அதே நீளந்தான்; மிகச் சிறிதே குறையும்.

காரைக்கால் வடக்கே 10 பாகை 55 கலையிலும், கிழக்கே 79 பாகை 50 கலையிலும் உள்ளது. திருச்சி விமான நிலையம் வடக்கே 10 பாகை 46 கலை, கிழக்கே 78 பாகை 43 கலை. பலாலி வடக்கே 9 பாகை 47 கலை, கிழக்கே 80 பாகை 4 கலை. பித்தகோரசின் தேற்றத்தை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். காரைக்காலிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 67 கடல் மைல். அதாவது ஏறக்குறைய 124 கி.மீ. காரைக்காலிலிருந்து பலாலி சுமார் 69 கடல் மைல்; அதாவது ஏறக்குறைய 128 கி.மீ.

வியப்பாக இல்லையா? நமக்குத் திருச்சி விமான நிலையம் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு தொலைவில்தான் யாழ்ப்பாணத்து விமான நிலையமும் இருக்கிறது. ஒன்று மேற்கே, மற்றொன்று தெற்கே, அவ்வளவுதான் வித்தியாசம். நாம் என்ன செய்கிறோம்? தெற்கே 128 கி.மீ. போவதற்காக, முதலில் மேற்கே 124 கி.மீ. போகிறோம். அங்கிருந்து விமானம் ஏறி, 185 கி.மீ. தென்கிழக்கே பறந்து, மறுபடியும் நம் கடலுக்கே வந்து சேருகிறோம்! மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான்.

நேரக் கணக்கையும் பார்த்து விடுவோம். இந்த வழித்தடத்துக்கு ஏ.டி.ஆர். 72 என்னும் சிறிய விமானம் பொருத்தமானது. பிரான்சில் துலூஸ் நகரில் உருவாகும் இந்த விமானம், இரண்டு விசிறிகளால் இயங்கி எழுபது பேருக்கு மேல் சுமந்து செல்லும். மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அந்த வேகத்தில் 185 கி.மீ. தூரத்தை 22 நிமிடத்தில் கடந்து விடலாம். பின் ஏன் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்?

காரணம் இதுதான். விமானம் நின்ற இடத்திலிருந்து மெல்ல உருண்டு ஓடுபாதையின் முனைக்குப் போக வேண்டும். அனுமதி கிடைத்தபின் ஓடி எழும்ப வேண்டும். உயரம் ஏறும்வரை முழு வேகம் கிடைக்காது. இறங்குவதற்கு நெடுந்தூரம் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். காற்றடிக்கும் திசையைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்று முடிவு செய்து, சுற்றி வர வேண்டும். இறங்கியபின் மீண்டும் உருண்டு நிற்குமிடம் சேர வேண்டும். சக்கரக் கட்டை எடுத்தது முதல் சக்கரக் கட்டை வைப்பது வரையுள்ள நேரத்தைத்தான் விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று கணக்கிடுகின்றன. தூரம் குறையக் குறைய, பறப்பதற்கான நேரம் சுருங்குகிறதே தவிர, இந்தச் சடங்குகளுக்கான நேரம் சுருங்குவதில்லை.

விமானத்துக்கு வெளியே ஆகும் நேரத்தையும் சேர்ப்போம். காரைக்காலிலிருந்து திருச்சி விமான நிலையம் சேரப் பேருந்தில் 4 மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் ஆதலால் 3 மணி நேரம் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். விமானத்தில் 1 மணி நேரம். இறங்கியபின் கடவுச்சீட்டு, சுங்கம் ஆகியவற்றுக்கு முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ் நகருக்கு அரை மணி. ஆகமொத்தம் ஒன்பதேகால் மணி நேரம். இதில் விமானத்துக்குள் இருந்தது ஒன்பதில் ஒரு பங்குதான். காரைக்காலிலிருந்து யாழ் நகரம் நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. ஒன்பதேகாலால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 15 கி.மீ. வருகிறது. நம் பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவி வரும் வேகம் அது!

கடல்வழியின் கணக்கு எப்படி? 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கியது. மழைக்காலம் காரணமாகச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டு 16 அன்று 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. தூரம் சுமார் 60 கடல் மைல். நேரம் ஏறத்தாழ 4 மணி. நமக்கு நாகப்பட்டினம் 20 கி.மீ.; முக்கால் மணியில் போய் விடலாம். விமானத்துக்குப் போலவே 3 மணி நேரம் காத்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், கப்பலில் 4 மணி, இறங்கிச் சோதனை முடிய முக்கால் மணி, காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகருக்கு முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள். அதே ஒன்பதேகால்!

மணிக்கு 500 கி.மீ. பறக்கும் விமானமும், மணிக்கு 15 கடல் மைல் ஊரும் கப்பலும் நம் வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றன. ஆமையும் முயலும் ஓடிய கதை சிறு வகுப்பில் படித்ததுதானே! இங்கே முயல் தூங்கவில்லை. ஆனால் நம்மை ஏற்றிக்கொள்ள அது நம் ஊருக்கு வருவதில்லை.

இதைக் கொண்டு விமானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா. பாரிசுப் பயணத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து பாரிசு, பூமியின் வளைவின் மீது அளந்தால், சுமார் 8,000 கி.மீ. நில்லாமல் பறந்தால் ஏறத்தாழ 10 மணி நேரம். காரைக்காலிலிருந்து சென்னை போக 7 மணி, காத்திருக்க 3 மணி, இறங்கி வெளிவர 1 மணி என்று சேர்த்தால் 21 மணி நேரம். மொத்தத்தில் பாதி நேரம் வானில் கழிகிறது. சராசரி வேகம் மணிக்கு 380 கி.மீ. நம் முன்னோர் பல வாரங்கள் கப்பலில் கழித்த தொலைவு அது. தாயின் இறுதிச் சடங்குக்கு மகன் வந்து சேர்வதற்காக ஒரு நாள் காத்திருக்கிறோம் என்றால், அந்த மகன் வந்து சேர முடிவது விமானம் இருப்பதால்தான். அதன் அருமையை நம் ஊர் நன்றாகவே அறியும்.

பாரிசுப் பயணத்தில் மாணவிகள் அறிய வேண்டிய வேடிக்கை ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் பிரான்சு நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்தங்கியது. கோடையில் மூன்றரை மணி. சனவரி மாதத்தில் சென்னையில் நள்ளிரவு கடந்து 1 மணிக்கு ஏறியவர் பத்து மணி நேரம் பறந்து இறங்கும்போது பாரிசில் காலை ஆறரை மணிதான். ஐந்தரை மணியில் வந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டும். திரும்பி வரும்போது அந்த நாலரை மணியைத் திருப்பிக் கொடுத்து விட வேண்டும். ஆனால் உயரே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று பின்னிருந்து தள்ளுவதால், வரும்போது பறக்கும் நேரம் பெரும்பாலும் சற்றுக் குறையும். ஆக, புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் மட்டும் பார்த்துப் பயண நேரத்தைச் சொல்லி விட முடியாது.

ஆகவே நெடுந்தூரத்துக்கு விமானம். குறுந்தூரத்துக்குத் தரைவழியோ கடல்வழியோ என்பதே அறிவுடைய ஏற்பாடு. இதைப் பிரான்சு நாடே சட்டமாக்கி விட்டது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் விடக்கூடாது என்னும் ஆணை 2023 மே மாதம் அங்கே நடைமுறைக்கு வந்தது. பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்து, லியோன், போர்தோ ஆகிய நகரங்களுக்கு விமானம் விடுவதற்கு அதனால் தடை ஏற்பட்டது. எரிபொருளை வீணாக்கிக் காற்றைக் கெடுப்பதேன் என்பது அவர்கள் கேள்வி. விமானம் எழும்பி உயரம் ஏறும்போதுதான் எரிபொருள் மிக வேகமாகச் செலவாகிறது. பயணம் குறுகக் குறுக, அந்தச் செலவின் பங்கு பெருகிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "காரைக்காலிலேயே விமான நிலையம் இருந்தால் நாம் திருச்சிக்குப் போக வேண்டியதே இல்லையே!" என்று பெற்றோர் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊரில் விமான நிலையம் அமைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. இன்றுவரை ஓடுபாதை இல்லை. ஆனால் ஓடுபாதை இருந்து விட்டால் மட்டும் விமானம் வந்து விடுமா? நம் ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே ஓடுபாதை இருக்கிறது. நீளம் சுமார் 1,500 மீட்டர். சிறு விமானங்களுக்கே போதும். 2013இல் பெங்களூருக்குத் தொடங்கிய சேவை அடுத்த ஆண்டே நின்றது. 2017இல் ஐதராபாத்துக்கு விமானம் வந்தது. 2024 மார்ச் இறுதியில் எல்லாம் நின்று, ஒன்பது மாதம் போல் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று வேறொரு நிறுவனம் வந்து மீண்டும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது. புதுச்சேரி போன்ற நகருக்கே இந்த நிலை என்றால், நம் சிற்றூருக்கு நாள்தோறும் விமானம் நிறையப் பயணிகள் கிடைப்பார்களா? வயலை அழித்து ஓடுபாதை போடுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைமடை வயல் ஒருமுறை போனால் திரும்பாது.

கடலோ ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஓடுபாதை போட வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கரைக்கும் ஈழத்து வடகரைக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகளாகத் தோணிகள் ஓடின! வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இந்தக் காங்கேசன்துறைக் கப்பலும் முதலில் காரைக்கால் துறைமுகத்திலிருந்தே விடப்படும் என்று 2023இல் செய்தி வந்தது. பின்னரே நாகப்பட்டினத்துக்கு மாறியது. நாகையும் நம் பக்கத்து ஊர்தான், அதில் வருத்தமில்லை. கப்பல் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதே கவலை.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நேரமும் பணமும் மட்டும் காரணம் அல்ல. இன்று காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இருக்கும் தாய்மாருக்கு இந்தக் கடல் என்றால் என்ன நினைவு வரும்? எல்லை தாண்டியதாகக் கைது, படகு பறிமுதல், யாழ்ப்பாணத்துச் சிறை. 2025 சனவரியில் நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் படகிலிருந்த மீனவர்கள் பிடிக்கப்பட்டபோது துப்பாக்கிச் சூடும் நடந்தது, சிலர் காயமுற்றனர். மறுகரையிலிருக்கும் தாய்மாரைக் கேட்டால், இந்தியப் படகுகள் வந்து தங்கள் வலைகளை அறுத்துப் போவதாகக் கண்ணீர் விடுவார்கள். இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே தொழில், ஒரே பசி. ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நடுக்கடலில், பகைவராக!

பயணியர் கப்பல் அப்படியல்ல. அதில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வரும் குடும்பம் இருக்கும். நாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் வருபவர் இருப்பார். போரில் பிரிந்த அக்காளைப் பார்க்கப் போகும் தங்கை இருப்பாள். மேலிருந்து பார்த்தால் கடல் நீல நிறத்துத் துணி போலத் தெரியும். சில நிமிடத்தில் கடந்து விடும். கப்பலில் போகிறவளுக்கு அருகிலிருப்பவளோடு பேச நான்கு மணி நேரம் கிடைக்கிறது. அயலார் என்று எண்ணியவரை அறிந்துகொள்ள அந்த நேரம் வேண்டும்.

ஆதலால் என் வேண்டுகோள் மூன்று.

முதலாவதாக, நாகை–காங்கேசன்துறைக் கப்பல் ஏழைக் குடும்பமும் ஏறக்கூடிய கட்டணத்தில், அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில் ஓட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் நிற்பது தவிர்க்க முடியாதது. ஆனால் நிற்கும் நாளையும் தொடங்கும் நாளையும் முன்கூட்டியே சொன்னால் மக்கள் நம்பிப் பயணம் வைப்பார்கள்.

இரண்டாவதாக, திருச்சி விமானமும் நமக்கு வேண்டும். நோயாளிக்கும், துக்கச் செய்தி கேட்டு ஓடுபவருக்கும், கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கும் அது உதவும். அதற்குப் புது விமான நிலையம் கேட்பதைவிட, காரைக்காலிலிருந்து விமான நேரத்துக்குப் பொருந்தும்படி திருச்சிக்கு ஒரு விரைவுப் பேருந்தோ ரயிலோ கேட்பதே மேல். நான்கு மணிப் பயணம் மூன்றாகக் குறைந்தால், ஒரு விமானத்தின் முழுப் பறக்கும் நேரத்தையே நாம் மிச்சப்படுத்தியவர்கள் ஆவோம்!

மூன்றாவது வேண்டுகோள் மாணவிகளுக்கு. யாராவது "ஒரு மணி நேரந்தான்" என்று சொன்னால், "எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு?" என்று கேட்கப் பழகுங்கள். மேல்படிப்புக்குக் கல்லூரி தேடும்போதும், வேலைக்கு ஊர் தேடும்போதும், வரன் வரும்போதும் இந்தக் கேள்வி உங்களுக்கு உதவும். "பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். தூரம் என்று நாம் அஞ்சுவதில் பாதி பழக்கமின்மையே. திருச்சியை நம் ஊர் என்கிறோம். அதே தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்தை வெளிநாடு என்கிறோம். நிலப்படத்தை விரித்து, அளவுகோலை வைத்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பல அச்சங்கள் தாமே விலகும். உண்மையான இடர் எது என்பதும் அப்போது விளங்கும்.

கணக்கு வகுப்பில் தூரம், வேகம், காலம் என்று மூன்று படிக்கிறோம். அவற்றோடு, அந்தப் பயணம் யாருக்கு எட்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எட்டாத வேகத்தால் பயன் இல்லை. நம் கரையிலிருந்து 128 கி.மீ. தொலைவில் ஒரு கரை இருக்கிறது. அங்கே போய் வரும் வழி நம் பிள்ளைகளுக்காவது நேர்வழியாக அமையட்டும்.